மலைமுகட்டில் ஒரு புள்ளி

அரூரும் அதைச் சூழ்ந்த ஊர்களும் ஒரு காலத்தில் பாராமகால் என்னும் பெயரால் வழங்கின. 1792ஆம் ஆண்டில் இந்நிலம் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்கு மாறியது. அலெக்சாண்டர் ரீடும், அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோவும் இங்கே வயல் வயலாக அளந்து வரி விதித்தனர். ரயத்துவாரி முறை உருப்பெற்றது இம்மண்ணில்தான். தருமபுரியில் வாழ்ந்த மன்றோவை இவ்வட்டாரம் இன்னும் நினைவில் வைத்திருக்கிறது. அதே தலைமுறையில் மைசூர் நாட்டை அளந்த காலின் மெக்கன்சியைத் தமிழ்ப் புலவருலகம் மறக்கவில்லை. அவர் தேடித் தொகுத்த சுவடிகள் பல சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தைச் சேர்ந்தன.

இவ்விருவரின் காலத்தில் தமிழ் மண்ணை அளந்த மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவர் வரிக்காக அளக்கவில்லை. வரலாறு தேடியும் அளக்கவில்லை. பூமியின் வடிவத்தை அறியும் வேட்கையால் அளந்தார். அவர் பெயர் வில்லியம் லாம்ப்டன். அவரை மட்டும் நாம் ஏறக்குறைய மறந்துவிட்டோம்.

இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில், 1750களில், எளிய குடும்பம் ஒன்றில் பிறந்தவர் லாம்ப்டன். கணிதத்தில் அவருக்கிருந்த ஈடுபாட்டைக் கண்டவர்களின் உதவியால் கல்வி கிட்டியது. 1781இல் படையில் சேர்ந்து அமெரிக்கா சென்றார். யார்க்டவுன் வீழ்ச்சியின்போது சிறைப்பட்டார். போர் முடிந்த பின்னரும் ஊர் திரும்பவில்லை. இன்றைய கனடாவின் கீழ்க்கரைப் பகுதியில் குடியேற்ற நிலங்களை அளந்தும், படைவீடுகளை மேற்பார்த்தும் பதின்மூன்று ஆண்டுகளைக் கழித்தார். சூரிய கிரகணம் ஒன்றை உற்று நோக்கியதால் அவருடைய ஒரு கண்ணின் பார்வை கெட்டது. எஞ்சிய ஒரு கண்ணைக் கொண்டே பின்னாளில் இத்தனை மலைகளையும் கோபுரங்களையும் அவர் நோக்கினார். அந்தத் தனிமையான ஆண்டுகளில் அவருக்குத் துணையாக இருந்தவை கணித நூல்களே. உலக வழக்குப்படி பார்த்தால், நாற்பது வயதைக் கடந்தும் பெயர் பெறாத ஒரு கீழ்நிலை அதிகாரி அவர்.

1790களின் பிற்பகுதியில் ஆர்தர் வெல்லெஸ்லி தலைமையேற்றிருந்த 33ஆம் படைப்பிரிவில் சேர்வதற்காக லாம்ப்டன் இந்தியா வந்தார். 1799இல் நான்காம் மைசூர்ப் போர் மூண்டது. ஹாரிஸ் தலைமையில் வேலூரிலிருந்து புறப்பட்ட படை பாராமகாலைக் கடந்து, ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாகச் சீரங்கப்பட்டினம் நோக்கி நடந்தது. அப்போரில் நிகழ்ந்த ஓர் இரவு நடையைப் பற்றிய செய்தி அவர் வரலாற்றில் தவறாமல் சொல்லப்படுகிறது. தளபதி பெயர்டின் படை, தன் பாசறைக்கு வடக்கே திரும்புவதாக எண்ணி, பகைவர் இருந்த தெற்குத் திசையில் நடந்துகொண்டிருந்தது. அதைக் கண்டுணர்ந்தவர் லாம்ப்டன். அவர் பார்த்தது விண்மீன்களை. முதலில் நம்ப மறுத்த தளபதி, பின்னர்த் திசைகாட்டியைச் சோதித்து உண்மையறிந்தார்.

போர் முடிந்ததும், தீபகற்பத்தைக் கடற்கரை முதல் கடற்கரை வரை முக்கோண அளவையால் அளக்கும் திட்டமொன்றை லாம்ப்டன் முன்வைத்தார். 1800இல் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் அதற்கு இசைவு தந்தார். எதிர்ப்பும் இல்லாமலில்லை. சீரங்கப்பட்டினம் போக விரும்புவோர் பல்லக்குத் தூக்குவோரிடம் சொன்னால் போதுமே, இத்தனை செலவில் ஊரின் இருப்பிடத்தைக் கணக்கிடுவானேன் என்று கும்பினியின் செலவுக் கணக்கைப் பார்ப்பவர் ஒருவர் கேட்டாராம். கவிதைக்குப் பயன் என்ன என்று கேட்பாரை நாமும் சந்திக்கிறோம் அல்லவா?

முக்கோண அளவையின் அடிப்படை எளியது. தரையில் ஒரு நேர்கோட்டை மிகத் துல்லியமாக அளந்துகொள்ள வேண்டும். அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவில் உள்ள ஒரு குன்றை நோக்கிக் கோணங்களைக் குறித்துக்கொண்டால், முக்கோணத்தின் மற்ற இரு பக்கங்களையும் நடந்து அளக்காமலே கணக்கிட்டு விடலாம். அந்தப் பக்கம் அடுத்த முக்கோணத்திற்கு அடித்தளம் ஆகும். இவ்வாறு மலையிலிருந்து மலைக்கு முக்கோணங்கள் தொடரும். ஆனால் தொடக்கத்தில் நேரும் சிறு பிழை, போகப் போகப் பெரும் பிழையாகும். முதற்சீரில் தளை தட்டினால் வெண்பா முழுவதும் கெடுவது போன்றது இது.

அதற்குரிய கருவிகள் வந்து சேர்ந்த கதையே ஒரு காப்பியம். எஃகுச் சங்கிலியும் விண்மீன்களை நோக்கும் உச்சிக்கோணக் கருவியும் இலண்டன் தொழில்வல்லார் ராம்ஸ்டன் செய்தவை. 1793இல் மெக்கார்ட்னி தூதுக்குழுவோடு சீனப் பேரரசருக்கெனச் சென்று, அங்கே ஏற்கப்படாமல், குழுவில் இருந்த டின்விடி என்னும் அறிஞர் வழியாகக் கல்கத்தா வந்தவை. அரை டன் எடையுள்ள பெரிய தியோடலைட்டை ஏற்றி வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி மொரீசியசுக்குக் கொண்டு போயினர். கருவியின் பயனை அறிந்த பிரெஞ்சு ஆளுநர் அதனைச் சிதைக்காமல் சென்னைக்கு அனுப்பி வைத்தார். பகை நடுவேயும் அறிவுக்கு ஒரு வழிவிட்ட பண்பு அது.

1802 ஏப்ரல் 10ஆம் நாள், பரங்கிமலை அருகே முதற்கோடு அளக்கத் தொடங்கப்பட்டது. மறுமுனை பெரும்பாக்கத்துக் குன்று. இடைத்தொலைவு ஏழரை மைல். நூறடி நீளமுள்ள சங்கிலியை மரத்தொட்டிகளில் கிடத்தி, முக்காலிகள் மேல் மட்டம் பார்த்து, வெயில் படாமல் காத்து, வெப்பமானி காட்டிய அளவுக்கேற்ப எஃகின் நீட்சியைக் கணக்கிட்டு, நானூறு முறை வைத்து வைத்து எடுத்தனர். சித்திரை வெயிலில் நடந்த வேலை அது. அந்த ஒரு கோட்டின் மீதுதான் பின்னர் இந்தியாவின் வரைபடம் முழுவதும் எழுந்தது.

அங்கிருந்து முக்கோணங்கள் மேற்கே சென்றன. 1804இல் பெங்களூர் அருகே இன்னொரு கோடு அளக்கப்பட்டது. சென்னைக் கோட்டிலிருந்து கணக்கிட்டுப் பெற்ற நீளத்துக்கும் தரையில் அளந்த நீளத்துக்கும் இடையே கண்ட வேறுபாடு நான்கு அங்குலத்துக்கும் குறைவு. சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே 400 மைல் என்று அதுவரை வரைந்திருந்தனர். லாம்ப்டன் கண்டது 360 மைல். படத்தில் இருந்த நாற்பது மைல் நிலம் இல்லாமல் போயிற்று.

பெங்களூரிலிருந்து தெற்கே குமரியை நோக்கிய நெடுங்கோட்டு அளவை தொடங்கியது. பெரிய நிலநெடுவில் என்று பின்னர்ப் பெயர் பெற்றது இதுதான். குன்றுகள் உள்ளவரை வேலை நடந்தது. காவிரிச் சமவெளியிலோ குன்றே இல்லை. எங்கும் தென்னையும் பனையும். ஆகவே கோபுரங்களே மலைகளாயின.

1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அந்தத் தியோடலைட்டை ஏற்றினர். கயிறு அறுந்தது. கருவி விமானத்தின் பக்கத்தில் மோதி, கோணம் காட்டும் வட்டம் நெளிந்து உருக்குலைந்தது. இன்னொன்று இங்கிலாந்திலிருந்து வர ஆண்டுகள் ஆகும். லாம்ப்டன் யாரையும் பழித்ததாகத் தெரியவில்லை. கம்மியர் சிலரை மட்டும் உடன் வைத்துக்கொண்டு கதவை அடைத்தார். வட்டத்தை முழுவதும் பிரித்து, ஆப்புகளாலும் திருகுகளாலும் சிறிது சிறிதாக இழுத்து, ஆறு வாரத்தில் மீண்டும் வட்டமாக்கினார். அக்கருவி அதன் பின்னரும் பல்லாண்டுகள் உழைத்தது.

அந்த விமானத்தை எழுப்பிய இராசராசன்தான் சோழ நாட்டை அங்குலம் அங்குலமாக அளப்பித்தவன். அளந்த கோலுக்கு உலகளந்த கோல் என்றே பெயர். அளவையை நடத்திய அதிகாரியும் உலகளந்தான் எனப் பட்டம் பெற்றான். எட்டு நூற்றாண்டுக்குப் பின், உலகையே அளக்க வந்த ஒருவரின் கருவி அதே கோயிலில் வந்து மோதியதை எண்ணிப் பார்க்கிறோம்.

1809இல் அளவை தென்கோடியை எட்டியது. பின்னர் வடக்கே திரும்பி 1811இல் கூத்தியிலும், 1815இல் பீதாரிலும் கோடுகள் அளக்கப்பட்டன. அக்காலத்தில் லாம்ப்டன் ஒரு புதிரையும் எதிர்கொண்டார். பெங்களூர் அருகே விண்மீன் நோக்கில் கிடைத்த முடிவு தரையளவோடு ஒத்து வரவில்லை. பிழையை மறைக்க எண்ணாமல், நிலத்தடியில் உள்ள அடர்ந்த பொருள் தூக்குநூலைத் தன்பால் இழுத்திருக்கலாம் என்று அவர் கருதினார். பூமிக்குள்ளே இருப்பதைப் பூமிக்கு மேலே கட்டிய நூல் காட்டிக்கொடுக்கும் என்ற அந்த எண்ணம், பின்னாளில் ஓர் அறிவுத்துறையாகவே வளர்ந்தது.

அவருடன் உழைத்தவர்களும் எளியவர்கள் அல்லர். ஹென்றி கேட்டர் பின்னர் ஊசல் ஆராய்ச்சியால் புகழ்பெற்றார். ஜான் வாரன் தென்னாட்டார் காலம் கணிக்கும் முறைகளைக் கற்று, 1825இல் காலசங்கலிதம் என்னும் பெருநூலை வெளியிட்டார். ஆனால் கொடி தூக்கியவர், கருவி சுமந்தவர், இரவெல்லாம் மலைமுகட்டில் விளக்கு ஏந்தி நின்றவர், காட்டுக் காய்ச்சலில் மாண்டவர் ஆகியோரின் பெயர்கள் எந்த ஏட்டிலும் முழுமையாக இல்லை. அவர்களில் தமிழர் பலர். மலையேறி வந்து தூரக்கண்ணாடி வழியே பார்க்கும் அந்நியரை மக்கள் ஐயுற்றதும் இயல்பே. ஏனெனில் லாம்ப்டன் அறிவுக்காக அளந்தார். அவரை அனுப்பிய கும்பினியோ ஆள்வதற்காக அளப்பித்தது. இரண்டும் உண்மை.

1817ஆம் ஆண்டையொட்டிப் பாரிசின் அறிவியல் கழகமும் இலண்டனின் அரசவைக் கழகமும் அவரைத் தம்மவராக்கிக் கொண்டன. 1818இல் இப்பணி இந்தியப் பெரிய முக்கோண அளவை என்ற பெயருடன் கல்கத்தாவின் நேர்ப்பார்வைக்கு மாறியது. அவ்வாண்டிலேயே ஜார்ஜ் எவரெஸ்ட் உதவியாளராக வந்து சேர்ந்தார். வழக்கமாகச் சோர்ந்து தோன்றும் முதியவர், கருவியின் முன் நின்றதும் இளைஞராக மாறிவிடுவதைக் கண்டு அவர் வியந்து எழுதியிருக்கிறார்.

இருபது ஆண்டுக்கு மேல் கூடாரமே வீடாக வாழ்ந்த லாம்ப்டன், ஐதராபாத்திலிருந்து நாகபுரிக்குச் செல்லும் வழியில், இருமலால் நலிந்து, 1823 ஜனவரி 20ஆம் நாள் இங்கன்காட் என்னும் ஊரில் காலமானார். இன்று மராட்டிய மாநிலத்து வர்தா மாவட்டத்தில் உள்ள அவ்வூரிலேயே அவர் கல்லறை இருக்கிறது. அப்போது நிலநெடுவில் ஏறக்குறைய பத்துப் பாகைகளைக் கடந்திருந்தது. எவரெஸ்ட் அதை இமயத்தின் அடிவாரம் வரை கொண்டு சென்றார். 1841இல் அது நிறைவுற்றது. குமரி முதல் அங்குவரை சுமார் 2,400 கிலோமீட்டர். அம்முக்கோணங்களின் தொடர்ச்சியால்தான், 1852இல் இராதாநாத் சிக்தாரின் கணக்கில், பதினைந்தாம் எண் சிகரம் உலகின் உச்சி என்று வெளிப்பட்டது. அதற்கு 1865இல் எவரெஸ்டின் பெயர் நிலைபெற்றது. தொடங்கியவர் பெயரும் கணக்கிட்டவர் பெயரும் பின்தங்கின. மலைக்குத் தன் பெயரை வைப்பதை எவரெஸ்டே விரும்பவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

லாம்ப்டனுக்கு மலை இல்லை, புள்ளிகள் உண்டு. பாறையில் ஒரு சிறு குழி, அதைச் சுற்றி ஒரு வட்டம்: அளவை நிலையங்களின் அடையாளம் இதுவே. அவருக்குப் பின் வந்தவர்கள் உயரங்களைக் குறிக்கவும் கற்களில் அடையாளம் வெட்டினர். கோயில் படி, பாலம், இரயில் நிலையம் என்று அவை பரவின. நம் மொரப்பூர் போன்ற நிலையங்களின் பெயர்ப்பலகையில் கடல்மட்டத்திலிருந்து உயரம் எழுதும் வழக்கமும் அந்த மரபைச் சேர்ந்ததே. சில இடங்களில் புதையல் என்று தோண்டியும், கல்லுக்காக உடைத்தும் அப்புள்ளிகள் அழிந்தன. எஞ்சியவற்றைத் தேடி மாநிலம் விட்டு மாநிலம் சென்று மலையேறுவோர் இன்றும் இருக்கின்றனர். கூலியில்லை, பரிசில்லை, கண்டதும் கையால் தடவிப் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள்.

எழுபத்தெட்டாம் பாகைக் கோடு அரூருக்கு மேற்கே ஐம்பது கிலோமீட்டர் அளவில் செல்கிறது. அதன் அருகே உள்ள குன்று ஏதேனும் ஒன்றில் நாம் ஏறும்போது காலடியில் ஒரு வட்டமும் புள்ளியும் தென்பட்டால், சற்று நின்று பார்ப்போம். அங்கே பெயர் எதுவும் பொறித்திராது. எழுத்தையும் அசையையும் எண்ணி அடியமைப்பவர்கள் நாம். பிழை நேராமல் ஓர் அடியை அமைத்துவிட்டு, அடுத்த அடிக்கு இடம் விட்டுப் போனவரை நம் இனத்தவர் என்று சொல்லிக்கொள்வதில் தவறில்லை. பத்தாண்டு கண்ட நம் வட்டம் இனியும் நடக்கவேண்டிய வழிக்கு அந்தப் புள்ளி ஒரு நல்ல தொடக்கக் குறி.