கோப்பெருஞ்சிங்கன்: துரோகத்தின் பயன்

வேங்கிக்கால் வழியே அண்ணாமலையாரைத் தரிசிக்கச் செல்லும் அன்பர்கள், அத்திருக்கோயிற் கல்வெட்டுகளிலே கோப்பெருஞ்சிங்கன் என்னும் பெயரைக் காணலாம். சகலபுவனச் சக்கரவர்த்தி என்று தன்னை அழைத்துக்கொண்ட அக்காடவர்கோன், தன் பேரரசனையே சிறைவைத்தவன் என்பதை அறிந்தோர் சிலரே. தேச நலத்தை நாடுவோர் அவன் சரித்திரத்தை ஊன்றி நோக்குதல் தகும்.

காடவர் பல்லவர் வழிவந்தோரென்று பெருமை பாராட்டியவர். தலைமுறை பலவாகச் சோழர்க்குப் படைத்துணை நின்று செல்வாக்கெய்தியவர். 1216-ல் ஆட்சிக்கு வந்த மூன்றாம் இராசராசனோ வலிமை குன்றிய வேந்தன். அவன் பாண்டியனைப் பகைத்துத் தோற்று, நாடிழந்து தவித்த காலையில், காக்கக் கடமைப்பட்ட கோப்பெருஞ்சிங்கன் அவன்மேற் படையெடுத்தான். வந்தவாசிக்கு அண்மையிலுள்ள தெள்ளாற்றிலே வென்று, சோழனைச் சேந்தமங்கலத்துக் கோட்டையில் அடைத்தான். இது நிகழ்ந்தது 1231-ஆம் ஆண்டளவில்.

துரோகம் அத்துடன் நின்றதா? இல்லை. ஹொய்சள மன்னன் இரண்டாம் நரசிம்மன் சோழனை மீட்பதாகச் சொல்லித் துவாரசமுத்திரத்தினின்றும் புறப்பட்டான். அவன் தண்டநாயகர்களாகிய அப்பண்ணனும் சமுத்திர கோப்பையனும் காடவர் நாட்டிற் புகுந்து செய்தவற்றைத் திருவயிந்திபுரக் கல்வெட்டு விவரிக்கின்றது. திருவதிகை, திருவக்கரை முதலிய ஊர்கள் அழிந்தன, பயிர் எரிந்தது, பெண்டிர் சிறைபிடிக்கப்பட்டனர். கோட்டை முற்றுகையிடப்படவே, காடவன் பணிந்து சோழனை விடுவித்தான். அரசரிருவரும் உயிர் பிழைத்தனர். அவர்கள் பகைக்கு விலை கொடுத்தவர் ஒரு பாவமும் அறியாத உழவர்.

சோழன் அரியணையைப் பெற்றான், ஆண்மையைப் பெற்றானல்லன். சோழ ராஜ்யத்தை நிலைநாட்டியவன் என்னும் விருது ஹொய்சளனுக்குப் போயிற்று. அவன் மரபினர் திருவரங்கத்திற்கு அருகே கண்ணனூரில் நிலைகொண்டனர். காடவர் சின்னாள் தனியரசு செலுத்தினர். தில்லையிலே கோபுரத் திருப்பணியும் செய்தனர். அப்புகழை நாம் மறுக்கவில்லை. ஆயினும் 1251-ல் பட்டமெய்திய சடையவர்மன் சுந்தரபாண்டியன் வந்தபோது, சேந்தமங்கலம் மீண்டும் முற்றுகையுற்றது. சோழனுக்கு அடங்க மறுத்த குடி பாண்டியனுக்கு அடங்கிற்று. 1279-க்குப் பின் சோழப் பேரரசும் இல்லை.

தளர்ந்த தலைமையைத் திருத்துவது வேறு. அதன் தளர்ச்சியைத் தன் ஏற்றத்துக்குப் படியாக்குவது வேறு. முன்னது நாட்டைக் காக்கும். பின்னது அந்நியனுக்குக் கதவைத் திறந்துவிட்டுத் தானும் அவன் வாயிற்காவலனாய் நிற்கும்.