மருந்து வணிகர் ஜெஸ்ஸி பூட்

இங்கிலாந்து நாட்டின் நாட்டிங்ஹாம் நகரில், கூஸ்கேட் என்னும் தெருவில், ஜான் பூட் என்பவர் 1849-ஆம் ஆண்டு சிறியதொரு மூலிகைக் கடை திறந்தார். வயலில் கூலி வேலை செய்து வந்த அவர், மருத்துவருக்குப் பொருள் தர இயலாத ஏழைகளுக்குப் பச்சிலை மருந்து விற்றார். மறு ஆண்டு பிறந்த மகனே ஜெஸ்ஸி. பத்து வயதில் தந்தையாரை இழந்தார். பதின்மூன்றில் பள்ளியை விட்டு, தாயார் மேரியுடன் கடையில் அமர்ந்தார். 1871-இல் தாயும் மகனும் கூட்டாளிகள் ஆயினர்.

1877-இல் முழுப்பொறுப்பும் ஜெஸ்ஸியிடம் வந்தது. பெயர்பெற்ற மருந்துகளை மொத்தமாக ரொக்கத்திற்கு வாங்கி, சொற்ப ஆதாயத்தில் ரொக்கத்திற்கே விற்றார். விலைகளை நாளிதழிலும் விளம்பரம் செய்தார். மற்ற மருந்துக் கடைக்காரர்கள் சினந்தனர். நச்சுச் சரக்குகளை விற்கும் உரிமையைத் தேர்ச்சி பெற்ற மருந்தாளுநர்க்கே சட்டம் அளித்திருந்தது. ஜெஸ்ஸியோ தேர்ச்சி பெற்றவர் அல்லர். ஆயினும், தனி மனிதரைக் கட்டுப்படுத்திய அச்சட்டம் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தாது எனப் பிரபுக்கள் சபை 1880-இல் தீர்ப்பளித்தது. 1883-இல் ஜெஸ்ஸி கம்பெனி அமைத்தார். அடுத்த ஆண்டு எட்வின் வாரிங் என்னும் மருந்தாளுநரைப் பணியில் அமர்த்தி, மருத்துவர் சீட்டுக்கு மருந்து கலந்து தரும் கட்டணத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தார். பிற ஊர்களிலும் கிளைகள் தோன்றின.

1886-இல் அவர் மணந்த ஃபுளாரன்ஸ் அம்மையார் புத்தகக் கடைக்காரரின் மகள். எழுதுபொருள், அலங்காரப் பொருள், வாடகை நூலகம் ஆகியவை மருந்துக் கடைக்குள் வந்தது அம்மையாரின் முயற்சியால். 1914 அளவில் கிளைகள் 550 ஆயின.

அதற்குள் மூட்டுவாதம் ஜெஸ்ஸியை முடக்கிவிட்டது. மகன் ஜானிடம் பொறுப்பை ஒப்படைக்க அவருக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. 1920-இல், அமெரிக்கரான லூயி லிகெட்டின் கம்பெனிக்கு யாவற்றையும் விற்றார். பிறர் கடைகளுக்கு ரெக்ஸால் என்னும் பெயரையும் சரக்கையும் தந்து, உரிமை முறையில் வளர்ந்தது அக்கம்பெனி. ஒவ்வொரு கிளையையும் சொந்தக் கடையாகவே நடத்திய ஜெஸ்ஸியின் முறை வேறு. முன்பின் அறியாத வாடிக்கையாளரின் மனத்தை அறிந்தவர், தம் இல்லத்து மகனை அறியவில்லை என்றே எமக்குத் தோன்றுகிறது.

விற்ற பொருளில் பெரும்பகுதியை நாட்டிங்ஹாம் நகருக்கே ஈந்தார். அவர் அளித்த ஹைஃபீல்ட்ஸ் நிலத்தில் எழுந்த பல்கலைக்கழகக் கல்லூரி 1928-இல் திறக்கப்பட்டது. 1931-இல் ஜெர்சித் தீவில் ஜெஸ்ஸி காலமானார். 1926 முதல் கம்பெனியின் தலைவராக இருந்தவர் மகன் ஜான். அவர் தலைமையிலேயே, 1933-இல் கம்பெனி மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆயிரமாவது கடை காலஷீல்ஸ் ஊரில் திறக்கப்பட்டதும் அவ்வாண்டே.