தெய்வங்களுக்கு உருவம் தந்த ஃபிடியஸ்

சுமார் 2,450 ஆண்டுகளுக்கு முன்பு, கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரில் ஃபிடியஸ் என்ற சிற்பி வாழ்ந்தார். தெய்வங்களை யாரும் நேரில் பார்த்ததில்லை அல்லவா? அவை இப்படித்தான் இருக்கும் என்று கிரேக்கர்களை நம்ப வைத்தவர் இவர்.

ஏதென்ஸின் காவல் தெய்வம் அதீனா. அறிவுக்கும் போருக்கும் உரியவள். அவளுக்காகக் குன்றின் மேல் பார்த்தினான் கோயில் எழும்பியது. அதற்குள் வைக்க ஃபிடியஸ் செய்த சிலையின் உயரம் சுமார் 12 மீட்டர். உள்ளே மரச்சட்டம், முகத்துக்கும் கைகளுக்கும் யானைத் தந்தம், உடைக்குத் தங்கத் தகடு. அந்தத் தங்கம் மட்டுமே 1,000 கிலோவுக்கு மேல்! போர்த் தெய்வம் என்பதால் தலைக்கவசமும் ஈட்டியும் கேடயமும் உண்டு. வலது உள்ளங்கையில் சிறகு முளைத்த பெண் ஒருத்தி நின்றாள். அவள்தான் வெற்றியின் தெய்வம் நைக்கி. கி.மு. 438-ல் சிலை கோயிலில் வைக்கப்பட்டது.

பிறகு வந்தது சோதனை. தங்கத்தைத் திருடிவிட்டார் என்று ஃபிடியஸ் மீது பழி விழுந்தது. அவருடைய நண்பரும் ஏதென்ஸின் தலைவருமான பெரிகிளிஸைப் பிடிக்காதவர்கள் செய்த வேலை இது. ஆனால், பெரிகிளிஸ் முன்பே சொல்லியிருந்தபடி, தகடுகளைக் கழற்றி மாட்டும் விதமாகவே சிலையைச் செய்திருந்தார் ஃபிடியஸ். கழற்றி எடை போட்டுப் பாருங்கள் என்று பெரிகிளிஸ் சவால் விட்டார். திருட்டு நிரூபணமாகவில்லை.

எதிரிகள் விட்டார்களா? தெய்வத்தின் கேடயத்தில் தன் உருவத்தையும் பெரிகிளிஸின் உருவத்தையும் செதுக்கிவிட்டார் என்று அடுத்த புகார். சிறையிலேயே இறந்தார் என்று புளூடார்க் என்ற பழைய ஆசிரியர் எழுதியிருக்கிறார். ஒலிம்பியாவுக்குப் போனார் என்று சொன்னவர்களும் உண்டு.

ஒலிம்பிக் போட்டிகள் நடந்த அந்த ஊரில், தெய்வங்களின் அரசர் சீயஸுக்கு அவர் செய்த சிலை உலகின் ஏழு அதிசயங்களில் ஒன்றானது. சீயஸ் சிம்மாசனத்தில் அமர்ந்திருந்தார். வலது கையில் நைக்கி. இடது கையில் செங்கோல். அதன் உச்சியில் அவருடைய பறவையான கழுகு. எழுந்து நின்றால் கோயில் கூரையே பெயர்ந்துவிடும் என்று பார்த்தவர்கள் வியந்தார்கள். ரோமானியர்கள் இதே சீயஸை ஜூபிடர் என்றும், அதீனாவை மினர்வா என்றும் வணங்கினார்கள். ஜூபிடரின் கழுகு ரோமானியப் படைகளின் சின்னமாகவும் ஆனது.

இரண்டு சிலைகளும் இன்று இல்லை. பழைய நாணயங்களும் சிறிய நகல்களும்தான் அவற்றின் தோற்றத்தைக் காட்டுகின்றன. ஆனால் 1950-களில் ஒலிம்பியாவில் ஃபிடியஸின் பட்டறையைத் தோண்டி எடுத்தார்கள். அங்கே கிடைத்த பானை ஓடுகளின் காலத்தைப் பார்த்தால், ஏதென்ஸ் வேலை முடிந்த பிறகே அவர் அங்கு வந்தார் என்று தெரிகிறது. களிமண் அச்சுகளும் கருவிகளும்கூடக் கிடைத்தன. அவற்றோடு கறுப்பு நிற மண் குவளை ஒன்றும் இருந்தது. அதன் அடியில், அது ஃபிடியஸுக்குச் சொந்தம் என்று கீறப்பட்டிருந்தது.