ஈப்போ தந்த வீரத்தாய் சிபில் கார்த்திகேசு



ஜப்பான்காரன் காலம் என்றால் நம் தோட்டத்துப் பெரியவர்கள் முதலில் சொன்னது மரவள்ளிக்கிழங்கைத்தான். அடுத்து வாழைமர நோட்டு. அதற்கும் அடுத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, சயாம் ரயில். 415 கிலோமீட்டர் நீளமான அந்தத் தண்டவாளத்துக்காக எத்தனை லயங்கள் காலியாயின என்பது நம் ஜனங்களுக்குத் தெரிந்த கதை. அதைக் கண்ணால் கண்டவர்கள் இன்று மிகச் சிலரே. ஆனால் அதே காலத்தில், பேராக் மாநிலத்தின் ஈயத் தலைநகரமான ஈப்போவில் ஒரு தாதி என்ன செய்தார் என்று நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்க, பலர் விழிப்பார்கள். ஆகவே இந்த ஆண்டு பரிசளிப்பு விழா மலரில் அவருடைய வரலாற்றை எழுதலாம் என்று எண்ணினேன்.

அவர் பெயர் சிபில் கார்த்திகேசு. பெயரைப் பார்த்துத் தமிழ்ப் பெண் என்று நினைத்துவிடாதீர்கள். 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் சுமத்ராவில் மேடான் நகரில் பிறந்த யுரேசியர் அவர். தந்தை டேலி, ஐரிஷ் வழி வந்த தோட்டக்காரர். தாயார் மருத்துவச்சி. பிறந்த ஊரின் பெயரையே பிள்ளையின் பெயரோடு சேர்த்து சிபில் மேடான் டேலி என்று வைத்தார்கள். சிபிலும் தாயாரின் வழியிலேயே போய்த் தாதித் தொழிலும் பிரசவத் தொழிலும் கற்றார். கண்டனீஸ் மொழி அவருக்குச் சரளமாக வரும். பின்னாளில் அந்த மொழி எப்படிக் கைகொடுத்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

தமிழ் எங்கே வந்தது என்றால், கணவர் வழியாக வந்தது. தைப்பிங்கைச் சேர்ந்த டாக்டர் ஆறுமுகம் கணபதிப் பிள்ளையைச் சிபில் விரும்பினார். டாக்டர் கிறிஸ்துவ மதத்துக்கு மாறி ஆப்டன் கிளமெண்ட் கார்த்திகேசு என்ற பெயரோடு, 1919 ஜனவரி 7ஆம் நாள், கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் தேவாலயத்தில் அவரை மணந்தார். அந்தக் காலத்தில் இப்படி ஒரு கல்யாணம் என்றால் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் எவ்வளவு பேச்சு எழுந்திருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டு பிறந்த முதல் ஆண்பிள்ளை ஒரு நாள்கூட முழுசாக இருக்கவில்லை. பத்தொன்பது மணி நேரத்தில் போய்விட்டது. அதன் பின் வில்லியம் என்ற பையனை எடுத்து வளர்த்தார்கள். 1921இல் ஓல்கா பிறந்தாள். கடைக்குட்டி டான் பிறந்தது 1936இல்.

1926 முதல் ஈப்போ புருவ்ஸ்டர் சாலை 141ஆம் எண் வீட்டில் கணவனும் மனைவியும் கிளினிக் நடத்தினார்கள். சுற்றிலும் ஈய லம்பங்கள். பணக்காரத் தௌகே முதல் லம்பத்தில் மண் கழுவும் பெண்கள் வரை அங்கே வருவார்கள். சண்டை மட்டும் வராமல் இருந்திருந்தால், நல்ல டாக்டரம்மா வீட்டுத் தாதி என்ற பெயரோடு அவர் வாழ்ந்து முடிந்திருப்பார். நமக்கு அவர் பெயரே தெரிந்திருக்காது.

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தாபாருவில் இறங்கியது. ஒரே வாரத்தில் ஈப்போ மேல் குண்டு விழுந்தது. நகரத்தில் இருந்தவர்கள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு கிராமங்களுக்கு ஓடினார்கள். கார்த்திகேசு குடும்பம் சுமார் 16 கிலோமீட்டர் தள்ளியிருந்த பாப்பான் என்ற சிறிய லம்பத்து ஊருக்குப் போனது. அங்கே மெயின் ரோட்டில் 74ஆம் எண் கடைவீடு. டாக்டர் ஈப்போவுக்குத் திரும்பிப் பழைய கிளினிக்கைத் திறந்தார். பாப்பான் மருந்தகத்தைச் சிபில் பார்த்துக்கொண்டார்.

அன்றைய நிலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்க. ஈயத்துக்கும் ரப்பருக்கும் வாங்குவார் இல்லை. லம்பத்திலும் தோட்டத்திலும் வேலை நின்றது. அரிசி போய்க் கிழங்கு வந்தது, துணி போய்க் கோணிச்சாக்கு வந்தது. கொய்னா மாத்திரை கிடைக்காமல் மலேரியாவில் ஜனங்கள் மடிந்தார்கள். காலில் சாதாரணமாக ஒரு சிராய்ப்பு என்றால் அது புரையோடி எலும்பு தெரியும் அளவுக்குப் போகும். கடிகாரத்தைக்கூட ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி, தோக்கியோ நேரத்துக்கு வைக்கச் சொன்னார்கள். நம்ம ஊரில் சூரியன் உதிப்பதும் அவன் கணக்குப்படிதான்!

அந்த நேரத்தில் பாப்பான் மருந்தகத்துக்கு இரண்டு விதமான நோயாளிகள் வந்தார்கள். பகலில் வந்தவர்கள் ஊர் ஜனங்கள். இரவில் பின்கதவைத் தட்டியவர்கள் காட்டில் இருந்து ஜப்பானியரை எதிர்த்த படையினர். பெரும்பாலும் சீன இளைஞர்கள். குண்டுக்காயம், காய்ச்சல், புண் என்று வருவார்கள். கண்டனீஸ் தெரிந்த தாதி அவர்களுக்குக் கிடைத்த வரம்தான். மருந்து கொடுத்து, குண்டை எடுத்து, கட்டுப் போட்டு விடிவதற்குள் அனுப்புவார். பிடிபட்டால் தலை போகும் என்பது அவருக்குத் தெரியும்.

இன்னொன்றும் செய்தார். வீட்டில் சிற்றலை வானொலியை மறைத்து வைத்து, லண்டன் பி.பி.சி. செய்தியைக் கேட்டார். இன்று கைப்பேசியில் உலகத்தையே பார்க்கும் பிள்ளைகளுக்கு இது ஒரு பெரிய காரியமாகத் தோன்றாது. அன்று வெளிநாட்டு வானொலி கேட்பது மரண தண்டனைக்குரிய குற்றம். ஜப்பான் எங்கும் வெல்கிறது என்ற ஒரே செய்திதான் நாட்டில் உலவியது. அந்த இருட்டில், வேறு எங்கோ சண்டை திரும்புகிறது என்று ஒருவர் காதில் சொன்னால், பசியோடு இருப்பவன் இன்னும் ஒரு மாதம் தாக்குப்பிடிப்பான். கேட்டதைச் சிபில் நம்பிக்கையானவர்களிடம் சொன்னார். காட்டுக்கும் செய்தி போனது.

இப்படி ஒன்றரை ஆண்டு ஓடியது. ஊருக்குள் காட்டிக்கொடுப்பவர்களும் இருந்தார்களே! 1943ஆம் ஆண்டு நடுவில் கெம்பெத்தாய் என்ற ஜப்பானிய இராணுவப் போலீசார் டாக்டரையும் வில்லியத்தையும் சிபிலையும் பிடித்தார்கள். காட்டில் இருப்பவர்கள் யார், உதவியவர்கள் யார் என்று பெயர் கேட்டார்கள். யோஷிமுரா என்ற சார்ஜன்ட் செய்த சித்திரவதைகளை எல்லாம் பிள்ளைகள் படிக்கும் மலரில் எழுத எனக்கு மனம் வரவில்லை. அடித்தார்கள், தண்ணீரை ஊற்றி மூச்சைத் திணற வைத்தார்கள், தாடையை உடைத்தார்கள். முதுகுத்தண்டில் பட்ட அடியால் அவரால் நடக்க முடியாமல் போனது. அவ்வளவு போதும்.

ஆனால் ஒன்றை எழுதாமல் விட முடியாது. தாய் வாயைத் திறக்காததால் கடைக்குட்டி டானைக் கொண்டு வந்தார்கள். ஏழு வயதை ஒட்டிய குழந்தை, நம் பள்ளியில் முதலாம் ஆண்டில் உட்காரும் பிள்ளை அளவு. அதை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே நெருப்பு வைப்போம் என்று தாயை நிற்க வைத்துக் கேட்டார்கள். சிபில் பெயர் சொல்லவில்லை. கடைசி நேரத்தில் ஓர் அதிகாரி தடுத்ததால் குழந்தை பிழைத்தது.

பெற்ற பிள்ளையைப் பணயம் வைக்கலாமா என்று தாய்மார்கள் கேட்பீர்கள். இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கும் நெஞ்சு அடைக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். அவர் சொல்லும் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் பாப்பானில் ஒரு வீடு இருந்தது, அந்த வீட்டிலும் ஏழு வயதுப் பிள்ளை இருந்திருக்கும். சொன்ன பிறகு தன் பிள்ளையை விடுவான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல, கிழங்கு தின்றே வளராத நமக்குத் தகுதி இல்லை என்பது என் எண்ணம். அந்தப் பிள்ளைதான் தாயை வெறுக்காமல் வளர்ந்தது.

ஜப்பானிய நீதிமன்றம் சிபிலுக்கு ஆயுள் தண்டனை, டாக்டருக்குப் பதினைந்து ஆண்டு என்று விதித்தது. பத்து காஜா சிறையில் கிடந்தார். 1945 ஆகஸ்ட் 15ஆம் நாள் ஜப்பான் சரணடைந்தது. பிரிட்டிஷ் அதிகாரிகள் அவரை மீட்டு, சிகிச்சைக்காக விமானத்தில் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள்.

இந்த இடத்தில் நம் பகாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் சிறையில் கிடந்த அதே ஆண்டுகளில், அவருடைய இனத்தவரான யுரேசியர்களையும் சீனக் கத்தோலிக்கர்களையும் சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்து, இங்கே பகாவ் பக்கத்துக் காட்டில் குடியேற்றினார்கள். பூஜி கிராமம் என்று பெயர். மண்வெட்டியே பிடித்தறியாத குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் காடு வெட்டிக் கிழங்கு நட வேண்டும். மலேரியாவில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அவர்களோடு வந்த பிஷப் டெவால்ஸ் அவர்களும் 1945 ஜனவரியில் காலமானார். நாம் தினமும் பேருந்தில் கடக்கும் மண் அதையெல்லாம் கண்ட மண்தான்.

இங்கிலாந்தில் சிபிலுக்குப் பல அறுவை சிகிச்சைகள் நடந்தன. மன்னர் ஆறாம் ஜார்ஜ் வீரத்துக்கான ஜார்ஜ் பதக்கம் வழங்கினார். மலாயாவில் அதைப் பெற்ற ஒரே பெண்மணி அவர். பட்ட துன்பங்களைச் சொல்லி எழுத வைத்த நூல், அவர் மறைந்த பிறகு 1954இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. தாடையில் பட்ட பழைய காயமே விஷமாகி, 1948 ஜூன் 12ஆம் நாள், நாற்பத்தெட்டு வயதில் உயிரைக் கொண்டு போனது. ஸ்காட்லாந்தில் லானார்க்கில் புதைத்தார்கள்.

மறு ஆண்டு, 1949இல், உடல் கப்பலேறி ஊர் திரும்பியது. ஈப்போவில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று பெருங்கூட்டம் கூடி வழியனுப்பியது. புருவ்ஸ்டர் சாலைக்கு இன்று சுல்தான் இட்ரிஸ் ஷா சாலை என்று பெயர். அங்கே செயின்ட் மைக்கேல் தேவாலயத்தை ஒட்டிய இடுகாட்டில்தான் அவர் கல்லறை இருக்கிறது. ஃபேர் பார்க் பகுதியில் அவர் பெயரில் ஒரு சாலையும் உண்டு. தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போகிறவர்கள், திரும்பும் வழியில் பிள்ளைகளோடு அங்கே ஒரு நடை இறங்கிப் பாருங்கள். நேரம் இருந்தால் பாப்பானுக்கும் போகலாம். அந்த 74ஆம் எண் வீட்டை அவர் நினைவாகப் பாதுகாத்து வந்திருக்கிறார்கள்.