முஸோலினியின் சலவைக்கல் படங்கள்

ரோமாபுரியில் மாக்ஸென்டியஸ் மண்டபத்தின் வெளிச்சுவரில் நான்கு பெரிய தேசப்படங்கள் சலவைக்கல்லில் பதிக்கப்பட்டிருக்கின்றன. 1934-ல் அவற்றை அங்கே வைக்கச் செய்தவர் பெனிட்டோ முஸோலினி. அவருடைய ஜீவிய சரித்திரத்தை அறிய விரும்புவோர் முதலில் அச்சுவரைப் பார்ப்பது நலம் என்பது நமது அபிப்பிராயம்.

அவர் 1883-ல் பிரெடாப்பியோ என்னும் ஊரில் ஒரு கருமாரின் குமாரராகப் பிறந்தார். தாயார் பாடசாலை உபாத்தியாயினி. வாலிபத்தில் அவர் சமதர்மவாதி. 1911-ல் இத்தாலி லிபியாவின்மேல் படையெடுத்தபோது அதை எதிர்த்துச் சிறை சென்றவர். பிறகு தம் கட்சிப் பத்திரிகைக்கு ஆசிரியரானார். 1914-ல் ஐரோப்பிய யுத்தத்தில் இத்தாலி சேரவேண்டுமென்று வாதாடியதால் கட்சியினின்றும் விலக்கப்பட்டு, சொந்தப் பத்திரிகை தொடங்கினார். அவர் நமது தொழிலைச் சேர்ந்தவர் என்பதில் நமக்குப் பெருமை யாதுமில்லை. 1922-ல் பிரதம மந்திரியானார். சில வருஷங்களில் சர்வாதிகாரியானார்.

1932-ல் ஏழைகள் குடியிருந்த வீடுகளை இடித்து, 'ஸாம்ராஜ்ய வீதி' என்ற அகன்ற சாலையைத் திறந்தார். படங்கள் அதன் ஓரத்திலேயே அமைந்தன. முதற்படத்தில் ரோமாபுரி ஒரு வெள்ளைப் புள்ளி. மற்ற உலகம் கறுப்பு. இரண்டாவது, கி.மு. 146-ல் கார்த்தேஜ் அழிந்த காலம். மூன்றாவது, கி.பி. 14-ல் அகஸ்டஸ் இறந்த காலம். நான்காவதில் டிராஜன் ஆட்சி; வெள்ளை மெஸபொடேமியா வரையில் பரவிவிட்டது. வென்றவர் தோற்றவர் என்ற பேச்சே அங்கில்லை. பொழுது விடிவதுபோல் வெளிச்சம் பரவுகிறது, அவ்வளவுதான்.

கி.பி. 117-ல் டிராஜன் இறந்தவுடனே, அவருக்குப் பின் வந்த ஹாட்ரியன் கிழக்கே வென்ற நாடுகளைக் கைவிட்டார். அதற்குப் படமில்லை. மேற்கு ரோம ஸாம்ராஜ்யம் வீழ்ந்த 476-க்கும் படமில்லை. அனுகூலமான சாக்ஷிகளை மட்டும் கூண்டிலேற்றி மற்றவர்களை வாசலிலேயே நிறுத்திவிடும் வக்கீல்களை நாம் நியாயஸ்தலங்களில் கண்டிருக்கிறோம். ஆனால் அங்கே எதிர்க்கட்சி வக்கீல் ஒருவர் எழுந்து கேட்பார். இச்சுவரின் முன் அணிவகுத்துச் சென்ற பாலர்களுக்காகக் கேட்க யாரும் இல்லை. அடுத்த படம் எங்கே என்ற கேள்வி ஒன்றுதான் அவர்கள் மனத்தில் எழுந்திருக்கும்.

1935 அக்டோபரில் இத்தாலியச் சேனை அபிஸீனியாவுக்குள் புகுந்தது. 1896-ல் அடோவாவில் இத்தாலியரை முறியடித்த தேசம் அது. இம்முறை ஆகாய விமானங்களிலிருந்து விஷவாயு பொழியப்பட்டது. சக்கரவர்த்தி ஹெய்லி ஸெலாஸி ஜினீவாவுக்குச் சென்று சர்வதேச சங்கத்தில் முறையிட்டதும், அச்சங்கம் கைவிட்டதும் வாசகர்கள் அறிந்தவையே. 1936 மே மாதம் முஸோலினி ஸாம்ராஜ்யத்தைப் பிரகடனம் செய்தார். அவ்வருஷ அக்டோபரில் அபிஸீனியாவையும் சேர்த்து ஐந்தாவது படம் சுவரில் ஏறிற்று. நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் இடையே 1,800 வருஷங்களுக்கு மேல். சுவரிலோ சில அடி தூரந்தான்.

ஐந்தாவது படம் ஐந்து வருஷங்கூட உண்மையாக இருக்கவில்லை. 1941 மே மாதம் ஹெய்லி ஸெலாஸி அடிஸ் அபாபாவுக்குத் திரும்பினார். 1943-ல் முஸோலினி பதவியிழந்தார். 1945 ஏப்ரல் 28-ல் கோமோ ஏரிக்கரையில் சுடப்பட்டு இறந்தார். பிற்பாடு ஐந்தாவது படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டார்கள். சாலையின் பெயரையும் மாற்றினார்கள். மற்ற நான்கு படங்களும் டிராஜனோடு நின்றபடி, இன்றும் அங்கேயே இருக்கின்றன.