ஆசிரியர்களுக்கு ஆசிரியர் புக்கர் டி. வாஷிங்டன்

அமெரிக்க நாட்டின் வர்ஜீனியா மாநிலத்துப் பண்ணை ஒன்றில், 1856-ஆம் ஆண்டு அடிமைத் தாயொருத்தியின் வயிற்றில் பிறந்தவர் புக்கர் டி. வாஷிங்டன். 1861-இல் எடுக்கப்பட்ட அப்பண்ணையின் சொத்துப் பட்டியலில் கால்நடைகளோடு இச்சிறுவனும் ஒரு பொருளாக இடம்பெற்றான். மதிப்பு 400 டாலர். விடுதலை 1865-இல் வந்தது. வறுமை விலகவில்லை. உப்புக் காய்ச்சும் உலையிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் உழைத்துக்கொண்டே எழுத்தறிந்தார்.

கறுப்பின இளைஞர்களை ஆசிரியர்களாகப் பயிற்றுவிக்கும் ஹாம்ப்டன் கல்விக்கூடம் பற்றிச் சுரங்கத்தில் இருவர் பேசிக்கொண்டது அவர் செவியில் விழுந்தது. 1872-இல், ஏறத்தாழ 500 மைல் தொலைவை நடந்தும் வண்டிகளில் ஏறியும் கடந்து, கையில் 50 சென்ட் காசுடன் அங்குச் சென்று நின்றார். தலைமையாசிரியை அவரிடம் ஓர் அறையைப் பெருக்கச் சொன்னார். மும்முறை பெருக்கி, நான்கு முறை தூசு துடைத்தார். அதுவே அவருக்கு நுழைவுத் தேர்வாயிற்று! பள்ளியின் துப்புரவுப் பணியைச் செய்தே உணவுச் செலவை ஈடுசெய்தார். 1875-இல் பட்டயம் பெற்றுச் சொந்த ஊர் திரும்பி, பகலிலும் இரவிலும் பாடம் நடத்தினார். தம் மாணவர் பலரை ஹாம்ப்டனுக்கு அனுப்பியும் வைத்தார்.

அலபாமா மாநிலத்து டஸ்கிகி ஊரில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி அமைந்த வரலாறு நம் இளைஞர்கள் ஊன்றிப் படிக்கத் தக்கது. முன்னாள் அடிமையான லூயிஸ் ஆடம்ஸ் என்னும் தகர வேலைக்காரர், தம் மக்களின் வாக்குகளைத் தருவதற்கு ஈடாக அரசியலாரிடம் பெற்ற பள்ளி அது. வாக்குரிமையின் விலை அறிந்தவர் அவர். ஆனால் அரசு ஒதுக்கிய ஆண்டுக்கு 2,000 டாலரும் ஆசிரியர் ஊதியத்திற்கு மட்டுமே; நிலத்திற்கோ கட்டடத்திற்கோ ஒரு காசும் இல்லை. 1881 ஜூலை 4 அன்று, ஒழுகும் கொட்டகையில் 30 மாணவர்களுடன் பள்ளி தொடங்கிற்று. மழை நாளில் மாணவர் ஒருவர் குடை பிடிக்க, அதன்கீழ் நின்று வாஷிங்டன் பாடம் சொன்னார்.

அம்மாணவருள் பெரும்பாலோர் ஏற்கெனவே பொதுப்பள்ளி ஆசிரியர்கள். சிலருக்கு வயது நாற்பதை நெருங்கியிருந்தது. கூடுதலாகக் கற்றால் கூடுதல் ஊதியம் கிடைக்கும் என்று வந்தவர்களும் உண்டு. அதிலென்ன பிழை? சிலர் தம் பழைய மாணாக்கரையும் உடன் அழைத்து வந்தனர். தேர்வு வைத்துப் பார்த்தபோது, மாணாக்கர் மேல்வகுப்பிலும் ஆசிரியர் கீழ்வகுப்பிலும் சேர நேர்ந்த விந்தையும் நிகழ்ந்தது. நாட்டுப்புறப் பள்ளிகளோ ஆண்டில் சில மாதங்களே நடந்தன. ஒரே புத்தகத்தை ஐவர் பகிர்ந்து படித்தனர்.

கடன் வாங்கி 100 ஏக்கர் பழைய பண்ணையை 500 டாலருக்கு வாங்கினார். செங்கல் சூளை மூன்று முறை பாழாயிற்று. தம் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்து நான்காவது சூளையைப் போட்டார், அது வெந்தது. மாணவர்கள் தம் கையால் அறுத்த கற்களால் கட்டடங்கள் எழுந்தன.

அவரது வழி குறையற்றதன்று. 1895-இல் அட்லாண்டாவில், அரசியல் உரிமைப் போராட்டத்தைப் பின்னுக்குத் தள்ளிக் கைத்தொழிலையும் பொருளீட்டலையும் முன்னிறுத்திப் பேசினார். அறிஞர் டூ பாய்ஸ் 1903-இல் இதனைக் கடுமையாக மறுத்தார். மறுப்பில் நியாயம் இருந்தது: 1891-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளி நிதியை அதிகாரிகள் விருப்பப்படி பங்கிட இடமளித்தது, 1901 அரசியலமைப்போ கறுப்பினத்தார் வாக்கையே பறித்தது. சான்றிதழ் பெற்ற கறுப்பின ஆசிரியருக்கும் வெள்ளையருக்குக் கிட்டிய ஊதியம் கிட்டவில்லை. வாக்கிழந்தோர் யாரிடம் சென்று கேட்பது?

1915 நவம்பர் 14 அன்று வாஷிங்டன் மறைந்தார். அண்ணல் அம்பேத்கர் அப்போது நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்தார். டஸ்கிகியில் அன்று 100-க்கு மேற்பட்ட கட்டடங்களும், ஏறத்தாழ 1,500 மாணவர்களும் இருந்தனர். வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்டுடன் அவர் தொடங்கிவைத்த நாட்டுப்புறப் பள்ளித் திட்டம் அவருக்குப் பின்னும் வளர்ந்தது. அரசும், ரோசன்வால்டும், தம் சிறு காசையும் உழைப்பையும் தந்த கறுப்பின மக்களும் சேர்ந்து, 1932-க்குள் தென் மாநிலங்களில் ஏறத்தாழ 5,000 பள்ளிகளைக் கட்டி முடித்தனர். ஆசிரியர் குடியிருக்க வீடுகளும் 200-க்கு மேல் எழுந்தன.