எங்கே நேரம் போகிறது என்று தேடிய ஜிம் கிரே

போருக்குப் பின் வன்னியில் மீள்குடியேறிய குடும்பங்களின் விபரங்களைக் கணினியில் வைத்திருந்த ஓர் அலுவலகத்தில் சில காலம் வேலை செய்தேன். இரவில் தொடங்கும் தரவுத்தளப் பராமரிப்பு, காலையில் சனம் வரிசையில் நிற்கும்போதும் முடிந்திருக்காது. புதுக் கணினி வாங்க வேண்டும் என்றார்கள். ஜிம் கிரேயின் கட்டுரைகளை நான் படித்தது அப்போதுதான்.

1944இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர் அவர். 1969இல் பெர்க்லியில் கலாநிதிப் பட்டம் பெற்று, பின்னர் ஐபிஎம்மில் சேர்ந்தார். ஒரு கணக்கில் கழித்த பணம் மற்றக் கணக்கில் சேருமுன் மின்சாரம் நின்றால், கழித்ததையும் இல்லாமற் செய்துவிட வேண்டும். வங்கிகள் இன்றும் நம்பியிருக்கும் இந்த ஒழுங்குக்கு உறுதியான அடித்தளம் போட்டவர்களில் அவர் முக்கியமானவர்.

1985இல் டாண்டம் நிறுவனத்தில் இருந்தபோது, கணினிகள் ஏன் நிற்கின்றன என்று செயலிழப்பு அறிக்கைகளை எடுத்து எண்ணிப் பார்த்தார். வன்பொருளின் பங்கு 18 வீதம்தான். பராமரிப்பும் இயக்கமும் அடங்கிய நிர்வாகத்தின் பங்கு 42 வீதம். 1987இல் பிராங்கோ புட்சோலுவுடன் சேர்ந்து இன்னொரு கணக்குப் போட்டார்: ஐந்து நிமிடத்துக்குள் திரும்பத் தேவைப்படும் தரவை வன்தட்டில் விடுவதைவிட நினைவகத்தில் வைத்திருப்பது மலிவு. விலைகள் மாறிவிட்டன, கணக்குப் போடும் முறை மாறவில்லை.

நானும் அளந்து பார்த்தேன். புரொசசர் சும்மா இருந்தது. தரவை வாசிப்பதும் அதன் பிரதியை எழுதுவதும் ஒரே வன்தட்டில் நடந்ததால், அதன் முனை இரவு முழுக்க அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தது. பிரதியை வேறொரு வன்தட்டுக்கு மாற்றினேன். நள்ளிரவுக்குள் வேலை முடிந்தது. புதுக் கணினிப் பேச்சும் அதோடு நின்றது.

1998இல் கிரேக்கு டூரிங் விருது கிடைத்தது. 2007 ஜனவரி 28ஆம் திகதி, தாயின் அஸ்தியைக் கடலில் தூவுவதற்காகத் தன் பாய்ப்படகில் தனியாக ஃபாரலோன் தீவுகளை நோக்கிப் போனார். திரும்பவில்லை. கடலோரக் காவற்படை நாட்கணக்காகத் தேடியது. நண்பர்கள் செய்மதிப் படங்களைப் பெற்றுத் துண்டு துண்டாகப் பிரிக்க, ஆயிரக்கணக்கான தொண்டர்கள் இணையத்தில் அவற்றைப் பார்த்தார்கள். கடலடியிலும் தேடினார்கள். படகின் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை.

அவரை எவரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. எங்கள் பிள்ளைகளின் கதையோடு அதை நான் சேர்க்கமாட்டேன். ஆனால் உடல் இல்லாமல் வரும் மரணப் பத்திரம் என்னவென்று எங்கள் தாய்மாருக்கு நான் விளக்கத் தேவையில்லை. கிரேயின் குடும்பத்துக்கு அது 2012இல், நீதிமன்றத்தின் மூலம் வந்தது.